வெள்ளச்சி என்றொரு கப்பல்

அந்தப் போன் வந்தபோது என் கையில் ஒரு மாட்டின் வால் இருந்தது.

பாகூர் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நான் உதவியாளராக இருந்தேன் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். டாக்டரம்மா மாட்டுக்குச் சினை ஊசி போடுவார். நான் வாலை ஒருபக்கமாகப் பிடித்துக்கொள்வேன். மாடு உதைத்தால் முதல் உதை எனக்கு.

இடுப்பில் செருகியிருந்த போன் விடாமல் அடித்தது. மாடு காதை விறைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது.

"செல்வி, அத எடுத்துப் பேசிடும்மா. மாடு மெரளுது" என்றார் டாக்டரம்மா.

ஒரு கையில் வால், ஒரு கையில் போன். மறுமுனையில் என் வீட்டுக்காரர்.

"ஏத்திட்டோம்" என்றார்.

"இன்னாத்த?"

"கப்பலத்தான். கரை மேல ஏத்திட்டோம்."

"சரி. சாப்டீங்களா?"

அது காதில் விழாததுபோல அவர் மேலே பேசினார்.

"சத்தமே இல்லடி. எல்லா மிஷினையும் நிறுத்திட்டாங்க. நான் ஏறுன நாள்லேர்ந்து வெளக்குக்குக் கரண்டு குடுக்குற மிஷினாவது ஓடிக்கினே இருக்கும். இப்ப காது ரெண்டும் அடைச்சாப்ல இருக்குது."

மாடு உதைத்தது. போன் சாணியில் விழுந்தது. துடைத்து எடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

"இன்னாக்கா, எதனா துக்கமா?" என்று மாட்டுக்காரர் கேட்டார்.

"இல்லப்பா, கப்பலு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்ன புரிந்ததோ.

இதுவரை மாடுகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் தொடரில் எங்குமே வரவில்லையே என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். அவர் வீட்டிலேயே அதிகம் இருந்ததில்லை, தொடரில் எப்படி வருவார்? ஆனால் அந்தப் போன் வந்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். இனி இவர் வீட்டோடு இருப்பாரா, அடுத்த கப்பலில் ஏறிவிடுவாரா? இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

கரும்புக் கொல்லையிலிருந்து

அவர் பெயர் ஏழுமலை. குருவிநத்தத்துக்காரர். ஆற்றங்கரை நிலம், நெல்லும் கரும்பும். கடல் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் மீன் வாங்கி, குழம்பு கொதிப்பதற்குள் திரும்பி வரக்கூடிய தூரம்தான். ஆனாலும் அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டவர்கள் இல்லை.

இவர் மட்டும் எப்படிப் போனார் என்றால், பம்பாயில் இருந்த ஒரு தூரத்து மாமா கூப்பிட்டார், போனார். கரும்பு வெட்டுவதைவிட எதுவும் தேவலை என்று அப்போது தோன்றியதாம். முதலில் சரக்குக் கப்பல். பிறகு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போகும் பெரிய பயணக் கப்பல். மேல்தளத்தில் கயிறு இழுப்பது, துரு சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது. போகப் போக அந்த ஆட்களுக்கெல்லாம் சாரங்கு ஆனார். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் மேஸ்திரி.

கல்யாணத்துக்கு முன்னால் ஏறிய அதே கப்பல்தான் கடைசிவரை. கம்பெனி மாறியது. ஒரு கம்பெனி விற்கும், இன்னொன்று வாங்கும், புதுப் பெயர் எழுதும். வாங்குகிறவர்கள் கப்பலோடு இவரையும் சேர்த்துக்கொள்வார்கள். எந்தக் கதவு மழையில் இறுகும், எந்தக் குழாய் எப்போது ஒழுகும் என்று புது ஆட்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா?

அந்தப் பெயர்கள் ஒன்றும் எங்கள் வாயில் நுழையாது. கப்பல் வெள்ளை நிறம். அவர் சின்ன வயதில் வீட்டில் இருந்த வெள்ளைப் பசுவின் பெயரை அவரே அதற்கு வைத்துவிட்டார். வெள்ளச்சி.

"வெள்ளச்சி இப்ப எங்க நிக்குது?" என்று போனில் கேட்பேன். ஏதோ ஒரு தீவின் பெயர் சொல்வார். நான் சரி என்பேன். அவரும் எங்கள் மாட்டைப் பற்றி விசாரிப்பார். எங்கள் குடும்பப் பேச்சில் பாதி இப்படித்தான் போனது.

மகள் திவ்யா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். "போவாதீங்க. இங்கியே எதனா பாத்துக்கலாம்."

"அந்தக் கப்பலு இருக்குற வரிக்கும் போறன்" என்றார். போனார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ரோஷம்தான், வேறென்ன? இல்லை என்று சொல்லிவிட்ட வீட்டில் இரண்டாம் முறை கேட்பது எனக்கு வராது. ஆனால் அந்த வார்த்தையை மட்டும் மறக்காமல் வைத்திருந்தேன். கப்பல் இருக்கிற வரைக்கும்.

அரிவாளும் முடிச்சும்

விடுமுறையில் வந்தால் மாட்டை அவர்தான் பிடித்துக் கட்டுவார். அங்கேதான் சிக்கல்.

அவர் போடுவது கப்பல் முடிச்சு. இழுத்தால் இறுகும், ஆனால் தெரிந்தவர்கள் தொட்டால் பொலபொலவென்று விட்டுவிடும். எங்களுக்குத் தெரியாது. அவர் விமானம் ஏறப் போன மறுநாள் காலையில் மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்க முடியாமல் நானும் பக்கத்து வீட்டு அஞ்சலையும் நின்றுகொண்டிருப்போம்.

"உங்க ஆளு மாட்டக் கட்டுனாரா, இல்ல கப்பலக் கட்டுனாரா?" என்பாள் அஞ்சலை.

நகத்தால் நெம்பிப் பார்ப்போம். பல்லால்கூட இழுத்திருக்கிறேன். கடைசியில் அரிவாளை எடுத்து அறுத்துவிடுவேன். ஒவ்வொரு முறை அவர் போகும்போதும் ஒரு கயிறு போகும்.

அவர் கொண்டுவரும் கித்தான் பையும் அப்படித்தான். தோளில் மாட்டுகிற நீளமான பை. அதன் வாயைச் சுற்றி ஒரு சின்னக் கயிறு, அதிலும் அதே முடிச்சு. வந்த அன்றே அதை அறுத்துப் பையைக் கவிழ்த்து, துணிகளை ஊறப் போடுவது என் பழக்கம். பெயிண்டும் டீசலும் உப்பும் கலந்த வாடை. அதைச் சோப்புப் போட்டுப் போக்கிய பிறகுதான் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார் என்று எனக்குத் தோன்றும். அவர் அவிழ்த்துத் தருகிறேன் என்று எழுந்து வருவதற்குள் நான் அறுத்து முடித்திருப்பேன்.

அந்த முடிச்சை அவிழ்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போகிறவர் முடிச்சு, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு முறை பார்த்தேன்

வெள்ளச்சியை நான் பார்த்தது ஒரே முறை. சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தது. வேலைக்காரர்களின் குடும்பத்தை ஒரு பகல் உள்ளே விட்டார்கள். நானும் திவ்யாவும் வேன் பிடித்துப் போனோம். திவ்யா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

கிட்டே போய் நிமிர்ந்தால் கழுத்து வலித்தது. வில்லியனூர்க் கோபுரத்தைப் படுக்க வைத்ததுபோல இருந்தது என்று வேன் டிரைவர் சொன்னார். எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. தூரத்திலிருந்து பால்போல வெள்ளையாகத் தெரிந்தது, பக்கத்தில் போனால் பெயிண்டுக்கு அடியில் துரு புடைத்துக்கொண்டிருந்தது. வயதான மாடு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

உள்ளே நீச்சல் குளம், பாட்டு மேடை, கண்ணாடி விளக்கு. திவ்யா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இவர் அங்கெல்லாம் நிற்கவே இல்லை. விறுவிறுவென்று கீழே கூட்டிக்கொண்டு போனார். கப்பலின் பின்பக்கம், தாழ்வான கூரை, என் புஜம் மொத்தத்துக்குக் கயிறுகள். இரும்பு முளைகளில் சுற்றி, ஓட்டைகள் வழியாக வெளியே போய்க் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இதான் என் எடம்" என்றார். "கட்டுறதும் நானு, அவுக்கிறதும் நானு."

சொல்லிக்கொண்டே பக்கத்து இரும்புச் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

அந்தத் தட்டு எனக்குத் தெரியும். மருந்தகத்துக்கு மாடு ஓட்டி வருகிறவர்களிடம் தினமும் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டு முடித்ததும் மாட்டின் விலாவில் அப்படித்தான் தட்டுவார்கள். என் மேல் அவர் அந்த மாதிரிக் கை வைத்ததில்லை. பொறாமையாக இருந்தது. இரும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கயிற்றை விற்பதில்லை

இங்கே கொஞ்சம் மாட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றை விற்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். அதைக் கழுத்தில் கட்டிய பிறகு விற்கிறவர் தன் கயிற்றை உருவி எடுத்துக்கொள்வார். அதைக் கொட்டகையில் பழைய முளையிலேயே மாட்டி வைப்பார். கயிறு இருந்தால் அடுத்த மாடு வரும் என்பது நம்பிக்கை. கயிற்றோடு கொடுத்துவிட்டால் கொட்டகை காலியாகிவிடும் என்று பயம்.

மருந்தகத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ விற்பனைகள் என் கண்முன்னால் நடந்திருக்கின்றன. விலையில் விட்டுக்கொடுப்பார்கள், கன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கயிற்றை மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

கொடுத்தவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அது என் மாமனார்.

நான் கல்யாணமாகி வந்த புதிது. இவரும் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் விடுமுறையில் வீட்டில் இருந்தார். ஊரில் எல்லாரும் டிராக்டர் வைத்து உழ ஆரம்பித்துவிட்டார்கள். மாமனாரிடம் இருந்தது கடைசி ஜோடி எருது. வாங்க வந்தவர் முறைப்படி புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார். கட்டப் போனவரை மாமனார் தடுத்துவிட்டார்.

"அப்படியே ஓட்டிக்கினு போ."

"கயிறுங்கய்யா?"

"அத்தோடதான். இனிமேக்கி எனக்கு இன்னாத்துக்கு?"

வாங்க வந்தவர் தயங்கி நின்றார். என் மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கே தெரிந்துவிட்டது, பெரியவர் ஏரை விட்டுவிட்டார் என்று. அதற்கப்புறம் அவர் யாரிடமும் எருது விலை விசாரித்ததுகூட இல்லை. இப்போது எங்கள் வீட்டில் நிற்கிற பசு, நான் என் சம்பளத்தில் வாங்கியது.

வரவேற்புப் பேனர்

அந்தப் போன் வந்து ஒரு வாரம் கழித்து இவர் ஊருக்கு வந்தார். வருவதற்கு முன்னாலேயே பாகூர் சாலை முனையில் பேனர் ஏறிவிட்டது.

வைத்தது என் கொழுந்தனார் தனசேகர். கப்பலை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்ணன் இனிமேல் வீட்டோடுதான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். 'கடல் கடந்து சாதித்து, பணி நிறைவு செய்து, மண்ணுக்குத் திரும்பும் எங்கள் கலங்கரை விளக்கமே, வருக வருக.' ஒருபக்கம் இவர் படம், ஆதார் அட்டையில் இருப்பதுபோல முறைத்துக்கொண்டு. இன்னொரு பக்கம் கப்பல். பேனர் கடைக்காரரிடம் இருந்தது போர்க்கப்பல் படம் ஒன்றுதானாம். பீரங்கி இவர் காதைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டோவிலிருந்து இறங்கி அதைப் பார்த்ததும் இவர் கேட்டது, "நான் இன்னா சண்டைக்கா போனன்?"

எல்லாரும் சிரித்தார்கள். தனசேகர் மாலை போட்டார். கழுத்தில் மாலையோடு இவர் இன்னொரு தடவை பேனரைப் படித்தார்.

"பணி நிறைவா? ஆருடா சொன்னது? கப்பலுக்குத்தான வயசாச்சி."

அதற்கும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கித்தான் பையைக் கொண்டுபோய் உள்ளறை மூலையில் வைத்தார். விமானத்தில் ஒட்டிய சீட்டு அதில் தொங்கியது. வழக்கமாக அன்றே அரிவாளை எடுத்திருப்பேன். அன்று எடுக்கவில்லை. அவரே பிரிக்கட்டும், பிரித்தால் இருக்கப் போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம், பிரிக்காவிட்டால் அதுவும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

பை அப்படியே கிடந்தது. அவர் அலமாரியில் இருந்த பழைய வேட்டிகளைக் கட்டிக்கொண்டார். நான் பையை நகர்த்திப் பெருக்கிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

அடிமாடு

கடைசிப் பயணத்தைப் பற்றி அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சாப்பிடும்போது கொஞ்சம், பசுவைக் குளிப்பாட்டும்போது கொஞ்சம். சேர்த்து எழுதுகிறேன்.

பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள். சமையல்காரர்கள், ஆட்டக்காரர்கள், அறை துடைக்கிறவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கப்பலை ஓட்டுவதற்கு வேண்டிய கொஞ்சம் பேர் மட்டும். கண்ணாடி விளக்கு தொங்குகிற பெரிய சாப்பாட்டு மண்டபத்தில் பனியனோடு உட்கார்ந்து சோறு தின்றார்களாம். ஆயிரம் நாற்காலி காலியாகச் சுற்றி நின்றது என்றார். அறைகளில் படுக்கை விரித்தபடியே இருந்தது. யாரோ வரப் போவதுபோல.

கிளம்புவதற்கு முன்னால் பெயரை அழிக்கச் சொன்னார்கள். கடைசிப் பயணத்துக்கு முழுப் பெயர் வேண்டாம், பாதி இருந்தால் போதும் என்றார்களாம். பலகையில் கயிறு கட்டிப் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு இவர்தான் எழுத்துக்களின் மேல் வெள்ளை அடித்தார். அடிக்க அடிக்க, அதற்கும் முந்தைய கம்பெனிகள் வைத்த பெயர்களின் தழும்பு இரும்பில் தெரிந்ததாம்.

"அடிமாட்டுக்கு அனுப்புறப்ப கொம்புல இருக்குற மஞ்சாவ தொடைப்பாங்க இல்ல? அந்த மாதிரிதான்" என்றார். சொல்லிவிட்டுப் பசுவின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

குஜராத் பக்கம் பழைய கப்பல்களை உடைக்கிற ஒரு கரை. அங்கே பெரிய ஓதத்தில் கடல் தண்ணீர் ஏறுகிற நாள் பார்த்து, எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கிக் கப்பலை நேராகச் சேற்றில் விடுவார்களாம். இரண்டு பக்கமும் முகம் அறுத்த கப்பல்கள் வரிசையாக நின்றனவாம். இவர் முன்னால் நின்றிருக்கிறார். இடிக்கும், விழுவோம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். இடிக்கவில்லை. நடவு வயலில் கால் வைத்ததுபோல மெத்தென்று ஏறி நின்றுவிட்டது. அதன் பிறகு எஞ்சினை நிறுத்தினார்கள். அப்போதுதான் எனக்குப் போன் செய்தார். நான் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

நல்லவாட்டில் ஒரு காலை

கப்பலுக்கு ஆள் எடுக்கும் பம்பாய் ஏஜெண்ட் கூப்பிட ஆரம்பித்தார். போன் வந்தால் இவர் எழுந்து கரும்புக் கொல்லைப் பக்கம் போய்விடுவார். இந்தியில் பேசுவார். எனக்கு 'அச்சா, அச்சா' மட்டும் கேட்கும். திரும்பி வந்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் நான் கேட்காததைத் தனசேகர் கேட்டார். "இன்னாண்ணா, யாரு?"

"புதுக் கப்பலு ஒண்ணு எறக்கி இருக்கானுங்க. சாரங்கு வேணுமாம். மாசக் கடைசில சொல்லணும்."

"நீ இன்னா சொன்ன?"

"பாக்கலாம்."

திவ்யா வில்லியனூரில் புருஷன் வீட்டிலிருந்து போன் செய்தாள். "அம்மா, நீ ஒரு வார்த்த கேளேன். அப்பாவுக்கு எப்படித் தெரியும், உன் மனசுல இன்னா இருக்குதுன்னு?"

"தெரியணும்" என்றேன். போனை வைத்த பிறகு, தெரியாவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் இருந்துவிடுவார் என்று நினைத்தாலும் பயமாக இருந்தது. தனியாக இருந்து பழகிவிட்டேன். என் நேரத்துக்குச் சமையல், என் நேரத்துக்குத் தூக்கம். வீட்டில் ஒரு ஆள் எந்நேரமும் இருந்தால் என்ன பேசுவது? இவ்வளவு பயத்தோடும் அவர் இருக்க வேண்டும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க நல்லவாட்டுக்குப் போனோம். விடுமுறைகளில் அவர் கடல் பக்கமே வந்ததில்லை. தினமும் பார்க்கிறதுதானே என்பார். அன்று என்னவோ, நானும் வரேன் என்று வண்டியை எடுத்தார்.

ஃபைபர் படகுகள் திரும்பும் நேரம். நான் சங்கராவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இவர் கடலைப் பார்த்து நின்றார். ஒரு படகு மோட்டாரை முழுசாக முறுக்கிக்கொண்டு அலை மேல் ஏறி, நேராக மணலில் வந்து சொருகி நின்றது. மோட்டார் சத்தம் சட்டென்று அடங்கியது. இவர் உடம்பு தூக்கிவாரிப் போட்டதை நான் பார்த்தேன்.

"இப்படித்தாண்டி ஏத்தனோம்" என்றார். "இதே மாதிரிதான்."

படகுக்காரர்கள் குதித்து இறங்கினார்கள். வலையை உதறினார்கள். ஒருத்தர் பீடி பற்றவைத்தார்.

"ஆனா இது நாளிக்கு மறுபடியும் போவும்" என்றார்.

மீனை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். வண்டியில் திரும்பும்போது அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

அஞ்சலையின் மாடு

மாசக் கடைசி நெருங்கியது. அஞ்சலை தன் கிழட்டு மாட்டை விற்றாள்.

அந்த மாடு எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை ஊசிக்கு வாலைப் பிடித்திருக்கிறேன், எத்தனை உதை வாங்கியிருக்கிறேன். தரகர் குட்டியானை வண்டியோடு வந்தார். தன் கயிற்றைக் கட்டினார். அஞ்சலை தன் கயிற்றை உருவி எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள்.

மாடு வண்டியில் ஏறவில்லை. தரகர் இழுத்தார், அவர் ஆள் பின்னாலிருந்து தள்ளினார். அசையவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த இவர் போனார்.

"உடுய்யா, இழுக்காத."

மாட்டின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டிக் கையை அங்கேயே வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். மாடு பெருமூச்சு விட்டது, ஏறியது. வண்டி போய்விட்டது.

இவர் வந்து குழாயடியில் கை கழுவினார். நான் சொம்பை நீட்டினேன். என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"உங்க வெள்ளச்சி கயித்த எடுத்தாந்தீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று நினைத்தேன். கேட்டு முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

"அறுத்தன்" என்றார். "ஆளாளுக்கு ஒண்ணு எடுத்தானுங்க. ஒருத்தன் ரூம் நம்பரு, ஒருத்தன் சாம்பல் கிண்ணம். நான் ஒரு மொழம் கயிறு அறுத்துப் பைல வச்சன்."

"அப்பறம்?"

"எறங்குறப்ப எடுத்து அங்கியே முளையில மாட்டிட்டு வந்துட்டன்."

"ஏங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். முழுசாகத் துடைத்து முடித்த பிறகுதான் பேசினார்.

"எங்கப்பா எருத வித்தாரே, நீயுந்தான பாத்த? அப்படித்தான். கயித்தோட குடுத்துட்டு வந்துட்டன்."

தண்ணீர் சொம்பிலிருந்து வழிந்து என் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் பம்பாய்க்காரன்?"

"அவங்கிட்ட மொத நாளே வரலன்னு சொல்லிட்டன். அவன்தான் உடாம அடிக்கிறான்."

"தனசேகருகிட்ட பாக்கலாம்னு சொன்னீங்களே."

"அவங்கிட்ட சொன்னா அதுக்கும் ஒரு பேனரு வப்பான்."

சிரிக்க வேண்டிய இடம். எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்ப பைய ஏன் பிரிக்கல? இத்தினி நாளா மூலையில கெடக்குது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பவும் நீதான பிரிப்ப? வந்த அன்னிக்கே அரிவாளத் தூக்கினு வருவ. இந்த வாட்டி நீ தொடவே இல்ல. நான் இங்கியே இருக்குறது ஒனக்குப் புடிக்கலியோன்னு பாத்தன்."

மாட்டோடு காலம் தள்ளியவள் நான். சாவைப் பார்த்திருக்கிறேன், பிறப்பைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு சீக்கிரம் கண் கலங்க மாட்டேன். அன்று குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

அழுது முடித்து எழுந்து உள்ளே போனேன். பையைத் துணி துவைக்கிற கல்லுக்கு இழுத்து வந்தேன். அரிவாளையும் எடுத்து வந்தேன்.

"அறுக்காத, இங்க பாரு" என்று பக்கத்தில் குந்தினார். "இங்க தள்ளு. இப்ப இத்தப் புடிச்சி இழு."

தள்ளினேன், இழுத்தேன். விட்டுவிட்டது.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான்."

பையைக் கவிழ்த்தேன். கயிறு இல்லை. அவர் பேச்சை நம்பாமல் இல்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டேன். நீலக் கால்சட்டையில் பெயர் அழித்த வெள்ளைப் பெயிண்ட் காய்ந்து பொருக்காக இருந்தது. வாளியில் ஊறப் போட்டேன். தண்ணீர் கறுத்தது, மேலே வெள்ளைச் செதில்கள் மிதந்தன. துவைத்து முடித்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் தென்னை மரத்தடியில் ஊற்றினேன்.